"சப்போர்ட் இல்லை" என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்



பதிவு நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாதியில் ஓடுகிறவர்கள் ஓடலாம். ஆனால் லைக் போட்டுவிட்டு ஓடாதீர்கள். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதின வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவள் நான். படிக்காமல் போட்ட லைக்கையும் கண்டுபிடித்துவிடுவேன்.

விஷயம் ஒரு டிராக்பேட். சின்ன சிலேட்டு அளவில் ஒரு பலகை. கம்பி கிடையாது, புளூடூத்தில் இணையும். மேலே ஒரு விரலை வைத்துத் தேய்த்தால் திரையில் அம்பு நகரும். இரண்டு விரலை வைத்துத் தேய்த்தால் பக்கம் மேலும் கீழும் ஓடும். அவ்வளவுதான் பொருள். இதற்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்காதீர்கள். இந்தச் சிலேட்டை என் லேப்டாப்போடு பேச வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என் காதில் விழுந்த ஒரே பதில், "சப்போர்ட் இல்லை". அந்தப் பதிலோடுதான் இன்றைக்கு எனக்குச் சண்டை.

முதலில் எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல், கொஞ்சம் உங்கள் காதையும் பிடித்த விரல். மவுஸைப் பிடித்து அரைமணி நேரம் வேலை செய்தால் ராத்திரி முழுக்கத் தெறிக்கும். "டைப் அடிங்க டீச்சர், பரவாயில்லை. இறுக்கிப் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். (அவரும் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். பீஸ் வாங்கவில்லை.)

சும்மா இருக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. சாயந்திரம் என் வீட்டுத் திண்ணைக்குப் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. அதில் ஆறு பேருக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. அவர்களுக்காகப் பெரிய எழுத்தில், படம் வைத்து, வாரத்துக்கு நாலு வாசிப்புத் தாள் தயாரிக்கிறேன். ஆடு, மாடு, சந்தை, பம்புசெட் என்று அவர்களுக்குத் தெரிந்த விஷயங்களை வைத்துச் சின்னச் சின்னக் கதைகள். படத்தை நகர்த்த வேண்டும், அளவைச் சுருக்க வேண்டும், இடம் பார்த்து வைக்க வேண்டும். இதற்கெல்லாம் கீபோர்டு மட்டும் போதாது. மவுஸ் பிடிக்க முடியாமல் போனதும் தாள் நின்றது. தாள் நின்றதும் ஒரு பையன், "டீச்சர், இந்த வாரம் கதை இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது.

இனி லேப்டாப் கதை. என் லேப்டாப் 2014-ல் மகள் படிப்புக்காக வாங்கியது. அதில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. சரி, புதியதைப் போட்டுக்கொள்வோம் என்று பார்த்தால், உன் கம்ப்யூட்டரின் பிராசஸர் பழையது, புதியதை ஏற்காது என்று இன்னொரு அறிவிப்பு. கடைக்காரத் தம்பி பாகம் பாகமாகப் பரிசோதித்துப் பார்த்தார். மெமரி நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டு, "எக்ஸ்சேஞ்சில் குடுத்துடுங்க மேடம், இதுக்கு இனிமே சப்போர்ட் இல்லை" என்றார். ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கு பெயில் மார்க் போட்டது மாதிரி இருந்தது எனக்கு.

என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் ஒரு மணி நேரத்தில் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது. பழைய லேப்டாப் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. தமிழ் எழுத்து வருகிறது, லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, பிரிண்டர் தானாகவே வேலை செய்தது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதன் பிறகுதான் என் தம்பி மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். அத்தைக்குக் கை வலி என்று கேள்விப்பட்டு, நல்ல விலை கொடுத்து இந்த டிராக்பேடை வாங்கி வந்தான். பெரிய கம்பெனி சரக்கு. பெயர் எழுதி அவர்களுக்கு விளம்பரம் கொடுக்க மாட்டேன். பெட்டியைப் பிரித்து இணைத்தான். அம்பு நகர்ந்தது. கிளிக் ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு விரலால் தேய்த்தால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தை நகர்த்த, ஓரத்தில் இருக்கும் மெல்லிய கோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டியிருந்தது. அதாவது, எந்த வேலை எனக்கு வலியோ அதே வேலை. கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு மருமகன், "அத்தை, நீங்க வச்சிருக்கிறது லினக்ஸ். இதுக்கு அந்தக் கம்பெனி சப்போர்ட் கிடையாது. விட்டுடுங்க, வேற லேப்டாப் பார்ப்போம்" என்றான்.

அன்று ராத்திரி நம் குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்த விவாதம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், பேசியதே நீங்கள்தானே! "பேசாம புதுசு வாங்கிடுங்க பெரியம்மா." "அதே கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிக்கலாமே." "இந்த வயசுல எதுக்கு லினக்ஸ் கினக்ஸ்?" எல்லாரும் அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் ஒருவர்கூட, "ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்கவில்லை. என்னிடம் படித்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தீர்கள். "ஏன்" என்று கேட்பதைத் தவிர நான் உங்களுக்கு வேறு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன்?

அதனால் நானே கேட்டேன். பெங்களூர்க்காரனுக்கு போன் போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனைத் தொந்தரவு செய்தேன். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்ததை, ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வது போல உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று. கம்ப்யூட்டரில் எந்தச் சாதனத்தைச் செருகினாலும், இணைத்தாலும், அது முதலில் இரண்டு எண்களைச் சொல்லும். தயாரித்த கம்பெனியின் எண் ஒன்று, சாதன வகையின் எண் இன்னொன்று. கம்ப்யூட்டரின் உள்ளே டிரைவர் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சாதனம் சொன்ன எண் பட்டியலில் இருந்தால், "வா, உன் பாஷை எனக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பொதுவான ஒரு டிரைவர் வந்து, "உன்னைச் சாதாரண மவுஸாக நினைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடும். என் டிராக்பேடுக்கு நடந்தது இதுதான். அதனால்தான் அம்பு மட்டும் நகர்ந்தது.

இரண்டு. இந்த டிராக்பேடும் பிறவியிலேயே அடக்கமான பிள்ளை. இணைந்தவுடன் தன்னைச் சாதாரண மவுஸ் என்றுதான் காட்டிக்கொள்ளும். "உனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டு" என்று கம்ப்யூட்டர் சொன்னால்தான் எத்தனை விரல், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் என்று தனித்தனியாகச் சொல்ல ஆரம்பிக்கும். அந்தக் கட்டளை எவ்வளவு பெரியது தெரியுமா? புளூடூத்தில் மூன்றே மூன்று எண்கள். 241, 2, 1. அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு விரலுக்கும் ஒன்பது பைட் கணக்கில் தகவல் வரும். அதைப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிப்பது தனி வேலை, கஷ்டமான வேலை. ஆனால் கதவைத் திறக்கும் சாவி மூன்று எண்தான்.

மூன்று. அந்த மூன்று எண்ணை அந்தக் கம்பெனி லினக்ஸ்காரர்களுக்குச் சொல்லவில்லை. ஆர்வம் உள்ள மனிதர்கள் தங்கள் காசில் சாதனத்தை வாங்கி, விரல் வைத்துப் பார்த்து, வந்த எண்களை எழுதிப் பார்த்து, தாங்களே கண்டுபிடித்தார்கள். இந்த வகைச் சாதனங்களுக்கான லினக்ஸ் டிரைவரின் முதல் வரிகளில் 2010 என்று வருஷம் போட்டு, எழுதியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு புது மாடல் வரும்போதெல்லாம் வேறு வேறு ஆட்கள் வந்து சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் கட்டைவிரலைத் தெரியாது. என் திண்ணைப் பிள்ளைகளைத் தெரியாது.

நான்கு. எல்லாம் எழுதி வைத்திருக்கும்போது எனக்கு ஏன் வேலை செய்யவில்லை? ஏனென்றால் என்னிடம் வந்தது புது மாடல். சார்ஜ் போடும் துளையை மாற்றியிருக்கிறார்கள், கூடவே வகை எண்ணும் மாறிவிட்டது. பேசும் பாஷை அதேதான். எண் மட்டும் புதிது. என் லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் கெர்னலின் பட்டியலில் அந்தப் புது எண் ஏறவில்லை. புதிய கெர்னலில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றியிருந்தார். போனில் அவன் சொல்லச் சொல்ல நானே புதிய கெர்னலைப் போட்டேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். இரண்டு விரலை வைத்துத் தேய்த்தேன். பக்கம் ஓடியது. வீட்டில் வேறு யாரும் இல்லை, நானே கைதட்டிக்கொண்டேன்.

இதுவரை சொன்னது பாடம். இனி என் கோபம்.

"சப்போர்ட் இல்லை" என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? "முடியாது" என்று நினைக்கிறோம். கடைக்காரத் தம்பியும் அப்படித்தான் நினைக்கிறார், மருமகனும் அப்படித்தான் நினைத்தான். உண்மையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம், "எங்களுக்கு அக்கறை இல்லை" என்பதுதான். முடியாது என்பது இயற்கை போட்ட எல்லை. அக்கறை இல்லை என்பது ஒரு மனிதர் எடுத்த முடிவு. இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதைப் போல நம்ப வைக்கிறார்களே, அந்த ஏமாற்றைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் சளைக்காமல் வாதம் செய்தான். நல்ல பிள்ளை, நியாயமாகவே பேசினான். அவன் சொன்ன மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அத்தை, உலகத்தில் இருக்கிற எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு கம்பெனி டிரைவர் எழுத முடியுமா?" முடியாது, ஒத்துக்கொள்கிறேன். எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை. உங்கள் சாதனம் எந்தப் பாஷை பேசுகிறது என்பதை மட்டும் நாலு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள் என்கிறேன். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாடம் நடத்த வராவிட்டாலும் புத்தகத்தைப் பூட்டி வைக்காதே என்கிறேன்.

"அது அவங்க வியாபார ரகசியம் அத்தை." இரண்டு விரல் வைத்தேன் என்று சொல்வதில் என்ன ரகசியம்? இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களின் டச்பேட் லினக்ஸில் தானாகவே வேலை செய்கிறது. காரணம் என்ன? டச்பேட் எப்படிப் பேச வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு முறையை வகுத்து எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் அதைப் பின்பற்றினார்கள். லினக்ஸ்காரர்களும் அதைப் படித்து ஒரே ஒரு டிரைவரில் நூற்றுக்கணக்கான மாடல்களைச் சமாளிக்கிறார்கள். வெளியிட்டதால் அந்தக் கம்பெனி மூழ்கிவிடவில்லை.

"இலவசமா கிடைக்கிற சிஸ்டத்தை வச்சுக்கிட்டு இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" இதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. லினக்ஸ் இலவசம், சரி. டிராக்பேட் இலவசமா? முழு விலை கொடுத்து நீ வாங்கி வந்தாய். காசு கொடுத்தது டிராக்பேடுக்கு, நான் கேட்பதும் அந்த டிராக்பேடைத்தான். வேட்டியை விற்றுவிட்டு, எங்கள் கடையில் சட்டையும் வாங்கினால்தான் இடுப்பில் நிற்கும் என்று சொல்லும் ஜவுளிக்கடையை நீங்கள் சும்மா விடுவீர்களா?

இது நேற்று ஆரம்பித்த சண்டை இல்லை. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. அது அடிக்கடி தாளைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கியவுடன் எல்லோருக்கும் தகவல் போகும்படி செய்யலாமே என்று அதன் மூல நிரலைக் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதினார். இரண்டும் சேர்ந்துதான் இன்று என் லேப்டாப்பில் ஓடுகிறது. ஒரு பிரிண்டரில் சிக்கிய தாளில் ஆரம்பித்த விஷயம், எனக்குக் கட்டைவிரலில் வந்து நிற்கிறது.

அமெரிக்கா எதற்கு, நம் கதையே இருக்கிறது. இந்தப் பதிவைத் தமிழில் படிக்கிறீர்களே, கீழே தமிழில் கமெண்ட் போடப் போகிறீர்களே, இது எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? கம்ப்யூட்டரில் ஒரு காலத்தில் சப்போர்ட் இல்லாத பொருளாக இருந்ததே நம் தமிழ்தான். தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. நான் கேள்வித்தாளை ஒரு எழுத்துருவில் அடித்து அனுப்பினால், வாங்கியவர் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் குப்பை தெரியும். "உங்க ஃபான்ட் எங்ககிட்ட இல்லை டீச்சர்" என்பார்கள். அப்போது தமிழர்கள் என்ன செய்தார்கள்? பேசாமல் இங்கிலீஷில் எழுதிவிடுவோம் என்று போய்விட்டார்களா? சிலர் போனார்கள். மற்றவர்கள் பல நாடுகளில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகை வந்தது. நான் இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறேன். யூனிகோடு பரவி, குழப்பம் தீர்ந்தது. அன்றைக்கு "தமிழுக்கு சப்போர்ட் இல்லை, விட்டுடுங்க" என்று எல்லோரும் விட்டிருந்தால், இன்று நீங்கள் என்னை எந்த எழுத்தில் திட்டுவீர்கள்?

இங்கே உங்களையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி உங்களில் பல பேருக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள்? படம் வைக்க இடம் போதவில்லை என்று அதை அழித்த மகான்கள் இருவர் என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அன்று எனக்கும் தெரியாது, நானும் சிரித்தேன். அதனால் இந்தத் திட்டில் பாதி எனக்கு.

இனி சொல்லப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது.

பெங்களூர்க்காரன் போனில், "டீச்சர், அது நல்ல டிராக்பேட்தான். லிஸ்ட்ல அதோட நம்பர் இல்லை, அவ்ளோதான்" என்று சொன்னபோது எனக்குச் சட்டென்று ஒரு முகம் ஞாபகம் வந்தது. 1988 என்று நினைக்கிறேன். ஊருக்கு வெளியே செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம். எட்டு வயசுப் பெண் பிள்ளை. அப்பா அழைத்து வந்தார். சேர்க்கைப் பதிவேடு அன்று என் பொறுப்பு. "டி.சி. இருக்கா?" என்றேன். இல்லை. "பிறப்புச் சான்று?" இல்லை. "கொண்டு வாங்க, சேர்த்துக்கலாம்" என்றேன். அவர் எங்கே போய்க் கொண்டு வருவார்? அந்தப் பிள்ளை மூன்று நாள் வந்து வராந்தாத் தூண் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. வாய்ப்பாடு சொல்லும்போது அதன் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன். நாலாம் நாள் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. என் பட்டியலில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான். விதியைத்தான் சொன்னேன், தப்பு என் மேல் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் ஏறாவிட்டாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடை இல்லை. எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியில்லை, நான் அக்கறைப்படவில்லை.

2009-ல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. டி.சி. தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கும் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். "முடியாது" என்று நாங்கள் இத்தனை வருஷம் சொன்னது, ஒரு வரிச் சட்டத்தில் "முடியும்" ஆகிவிட்டது. பதிவேடு மாறியது. பிள்ளைகள் எப்போதும் போலத்தான் இருந்தார்கள்.

பொருளையும் பிள்ளையையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். டிராக்பேடுக்கு வலிக்காது, எனக்குத் தெரியும். ஆனால் பதில் சொல்கிறவனின் மனசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதை உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சட்டத்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்கும் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே மாதிரி யூ.எஸ்.பி-சி சார்ஜ் துளை இருக்க வேண்டும் என்று விதி. எத்தனை வருஷமாக ஆளுக்கொரு வயர் விற்றவர்கள் இன்று ஒரே வயருக்கு வந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று பட்டியல் போட்டார்கள். அதில் நான் சேர்க்கச் சொல்வது இரண்டே வரி. விற்கும் சாதனம் கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது என்பதை வெளியிட வேண்டும். சப்போர்ட்டை நிறுத்தும் நாளில் சாவியை வாங்கியவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாடகைக்கு விட்டால் சாவியை வைத்துக்கொள்ளலாம். விற்ற வீட்டுக்கு எதற்கு அவர்களிடம் சாவி?

கடைசியாக வீட்டுப்பாடம். என்னைப் போல யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் உதவும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. டிராக்பேட் முன்பு வேறு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால், முதலில் அங்கே அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் அது பழைய வீட்டுக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

2. லினக்ஸ் மிண்டில் புளூடூத் மேலாளரைத் திறந்து தேடி இணையுங்கள். இணைந்த பிறகு "டிரஸ்ட்" என்பதையும் அழுத்துங்கள். நான் அதை விட்டுவிட்டு, நாலு நாள் தினமும் காலையில் புதிதாக இணைத்துக்கொண்டிருந்தேன்.

3. புளூடூத் மக்கர் செய்தால், சார்ஜ் வயரைக் கம்ப்யூட்டரில் செருகியே பாருங்கள். பிரச்சினை புளூடூத்திலா டிரைவரிலா என்று தெரிந்துவிடும்.

4. அம்பு நகர்ந்து, இரண்டு விரல் வேலை செய்யாவிட்டால் கெர்னல் பழையது என்று சந்தேகப்படுங்கள். அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதியதைத் தேர்ந்தெடுத்துப் போடலாம். பழையதை அழிக்காதீர்கள். புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டும்.

5. இதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். டீச்சர் சொல்லவில்லை என்று பிறகு சொல்லக்கூடாது.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் உட்காரும் நாற்காலிகளில் இருந்துதான் இந்த "சப்போர்ட் இல்லை" கிளம்பி வருகிறது. அடுத்த முறை கூட்டத்தில் யாராவது ஒரு பழைய மாடலைப் பட்டியலில் இருந்து எடுக்கலாம் என்று சொன்னால், "அதை வைத்திருப்பவர் என்ன செய்வார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேலை போய்விடாது. முடிந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ முகம் தெரியாதவர்களுக்காக ஒரு எண்ணைப் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு வரி. எனக்கு அது ஒரு கை.

சொந்தபந்தங்களே, உங்களுக்கும் ஒன்று. வயசாகிவிட்டது என்பதால் எங்களுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் ஓடவில்லை என்று எங்களோடு சேர்ந்து பாருங்கள். தம்பி மகனே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ வாங்கித் தந்த சிலேட்டில் விரலை வைத்துத்தான் இவ்வளவும் எழுதி முடித்தேன். கை வலிக்கவில்லை.

திண்ணைப் பிள்ளைகளுக்கு இந்த வாரக் கதைத் தாள் தயார். பம்புசெட்டில் குளிக்கும் எருமை மாட்டுக் கதை. நாளைக்கு ஒரு புதுப் பையன் வருகிறான், வடக்கே இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. தமிழ் தெரியாதாம். அவனுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

(சரி என்று தோன்றினால் பகிருங்கள். தப்பு என்று தோன்றினால் கீழே வந்து சண்டை போடுங்கள். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.)